நின்றுபோன ஜீவனாம்சமும் இலவச சட்ட உதவியும்: என் அனுபவத்தில் ஒரு மதிப்புரை

கோர்ட்டு உத்தரவு கையில் இருந்தும் மாதப் பணம் வராமல் தவிக்கிற பெண்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் சொல்லப்போவது எங்கள் தாலுகா கோர்ட்டு வளாகத்தில் இயங்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவைப் பற்றி. இலவசமாகக் கிடைக்கிற வக்கீல் எப்படி இருப்பாரோ என்ற சந்தேகம் எல்லோருக்கும் உண்டு. என் கேஸில் காசு வாங்கிய வக்கீலைவிட இவர்கள் நன்றாகவே செய்தார்கள்.

கோட்டையூர்ப் பக்கம் ஒரு ஆச்சி வீட்டில் பலகாரம் போடும் வேலை எனக்கு. தேன்குழலும் சீப்புச் சீடையும் டின் டின்னாகப் போகிற கல்யாண மாதங்களில் வருமானம் பரவாயில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கை காய்ந்துவிடும். 2022-இல் எனக்கு ஏழாயிரம், மகளுக்கு நாலாயிரம் என்று மேஜிஸ்திரேட் கோர்ட்டில் உத்தரவானது. விவாகரத்து ஆனாலும் மறுமணம் செய்யாதவரை மனைவிக்கு அந்த உரிமை உண்டு. கொஞ்ச காலம் ஒழுங்காகப் பேங்கில் ஏறியது. என் முன்னாள் கணவர் வெளிமாவட்டத்தில் ஒரு தொழிற்சாலைக்கு வேலை மாறியதும் முதலில் பாதியாக வந்தது, அப்புறம் அடியோடு நின்றது.

முன்பு கேஸ் நடத்திய தனியார் வக்கீலிடம் போனேன். "கொஞ்சம் சேரட்டும்மா, மொத்தமாப் போட்டுக்கலாம்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த விஷயத்தில் இதைவிட ஆபத்தான யோசனை கிடையாது. ஜீவனாம்ச நிலுவைக்கு வாரண்ட் கேட்டு மனுப் போட ஒரு வருடக் கெடு உண்டு. எந்த மாதப் பணம் எந்தத் தேதியில் கொடுத்திருக்க வேண்டுமோ, அந்தத் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும். தாண்டிவிட்டால் அந்த மாதத்துக்கு இந்த வழியில் வாரண்ட் கிடைக்காது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 125-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆம் பிரிவு. எண்தான் மாறியது, கெடு மாறவில்லை. இதை எனக்கு முதன்முதலில் சொன்னது சட்ட உதவி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த தன்னார்வலர்ப் பெண்.

அங்கே போகச் சொன்னது ஆச்சிதான். "இந்தா ஆத்தா, காசு இல்லேன்னு வீட்டுல உக்காராதே, கோர்ட்டுலயே இலவசமா வக்கீல் தர்றாக, போய்க் கேளு" என்று விரட்டாத குறையாக அனுப்பினார்கள். போனால், வருமானச் சான்று கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன், கேட்கவில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது. மாதம் ஐம்பதாயிரம் சம்பாதிக்கிற பெண்ணும் போகலாம். ஒரு விண்ணப்பம், ஆதார் நகல், உத்தரவின் நகல், பேங்க் பாஸ்புக், அவ்வளவுதான். உத்தரவின் நகலைக்கூட ஜீவனாம்சம் கேட்டவருக்குக் கட்டணமில்லாமல் கொடுக்க வேண்டும் என்றுதான் சட்டமே சொல்கிறது.

எனக்கு ஒதுக்கிய வக்கீல் மேடத்துக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். "அக்கா, முதல்ல பேங்குக்குப் போய் என்ட்ரி போட்டுட்டு வாங்க" என்றார். போட்டுக்கொண்டு வந்ததும் பாஸ்புக்கை மேஜையில் விரித்து, ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து ஒவ்வொரு மாதமாக இறங்கினார். ஒரு முழு வெள்ளைத்தாளில் நாலு கட்டம்: மாதம், வர வேண்டியது, வந்தது, பாக்கி. பாதிப் பணம் வந்த மாதங்களுக்குச் சிவப்புப் பேனா. கெடு முடியப்போகிற முதல் மாதத்தைச் சுற்றி ஒரு வட்டம். அந்த மாதம் தாண்டுவதற்குள் மனு உள்ளே போய்விட்டது. அந்த ஒரு தாள்தான் பின்னால் கோர்ட்டில் என் கேஸையே தாங்கியது. முன்னாள் கணவர் தரப்பில் "கையில் ரொக்கமாகக் கொடுத்தேன்" என்று எதிருரை போட்டார்கள். அதுவரை எல்லாப் பணமும் பேங்கில் வந்திருக்க, பாக்கி மாதங்களில் மட்டும் ரொக்கம் எப்படி என்று மேடம் அந்தத் தாளைக் காட்டிக் கேட்டார். அவர்களிடம் ஒரு ரசீதும் இல்லை.

அடுத்து, வேலை போய்விட்டது என்றார்கள். அதற்கும் மேடம் தயாராக இருந்தார். வருமானம் குறைந்தால் தொகையைக் குறைக்கச் சொல்லி சுரக்ஷா சன்ஹிதாவின் 146-ஆம் பிரிவில் முன்னாள் கணவர் தனியாக மனுப் போட்டுக்கொள்ளலாம். உத்தரவு மாறாதவரை ஓடுகிற மாதமெல்லாம் பாக்கிதான். அப்படி ஒரு மனுவை அவர் போடவே இல்லை.

ஊரில் பலர் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிற ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பணம் கட்டாத கணவரை ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்க மேஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. உடனே "உள்ளே போய்ட்டு வந்துட்டா கடன் கழிஞ்சுதே" என்பார்கள். கழியாது. சிறை என்பது கட்ட வைப்பதற்கான வழி, கட்டியதற்குச் சமம் ஆகாது என்று 1988-இலேயே குல்தீப் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. என் அண்ணனே இதை நம்பாமல் மேடத்திடம் நேரில் கேட்டுத்தான் சமாதானமானார்.

சம்பளத்தில் பிடிக்க முடியாதா என்றும் கேட்டேன். குடும்ப வன்முறைச் சட்டத்தில் வாங்கிய உத்தரவாக இருந்தால், 20-ஆம் பிரிவின்படி முதலாளியே சம்பளத்திலிருந்து ஒரு பகுதியை நேராக நமக்கோ கோர்ட்டுக்கோ கட்டும்படி உத்தரவிடலாம். என்னுடையது அந்த வகை இல்லை. ஆனால் 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பில், ஜீவனாம்ச உத்தரவை சிவில் டிகிரி, அதாவது பணம் கட்டச் சொல்லும் சிவில் கோர்ட்டுத் தீர்ப்பு, போலவும் நிறைவேற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. சாதாரணக் கடன் டிகிரி என்றால் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தொட முடியாது; ஜீவனாம்சம் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும்தான் அந்தப் பாதுகாப்பு. ஆகவே உங்கள் முன்னாள் கணவர் எங்கே வேலை செய்கிறார், எந்த பேங்கில் சம்பளம் ஏறுகிறது என்ற விவரத்தை எப்பாடுபட்டாவது சேர்த்து வையுங்கள். உறவுக்காரர்கள் போட்டோ போடுகிற கல்யாண ஆல்பத்திலிருந்துகூட அவர் சட்டையில் இருந்த கம்பெனி பேட்ஜ் எனக்குக் கிடைத்தது.

குறை இல்லாமல் இல்லை. மேடத்துக்கு ஒரே நாளில் பல கோர்ட்டுகள். மதியம்வரை வராந்தாவில் காத்திருந்து, வாய்தா தேதி மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். அன்றைய கூலி போய்விடும். அலுவலகத்தில் உட்கார நாற்காலி போதாது, கைக்குழந்தையோடு வருகிறவர்கள் படியில் உட்காருகிறார்கள். இது எனக்கு மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. வாரண்ட் ஒருமுறை "வீடு பூட்டியிருக்கிறது" என்று முன்னாள் கணவர் இருக்கும் ஊர் காவல் நிலையத்திலிருந்து திரும்பி வந்தது. அது இவர்கள் கையில் இல்லை. ஆனாலும் மேடம் உடனே மறு வாரண்டுக்கு மனுக் கொடுத்தார். கணவர் எங்கே இருக்கிறாரோ அந்த ஊர் மேஜிஸ்திரேட்டிடமும் உத்தரவை நிறைவேற்றச் சொல்லலாம் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 147-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. மகள் பள்ளிக்கூடத்தை விட்டு அவ்வளவு தூரம் அலைய முடியாது என்பதால் நான் இங்கேயே நடத்தினேன்.

காசு விஷயம்: டைப்புக்கு, சமனுக்கு, குமாஸ்தாவுக்கு என்று என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. உங்களிடம் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். குழுவின் தலைவரே ஒரு நீதிபதிதான். அவருக்கு எழுத்தில் கொடுங்கள். வக்கீல் சரியில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லியும் அதேபோல எழுதிக் கொடுக்கலாம்.

இரண்டாவது வாரண்ட் முன்னாள் கணவர் வேலை செய்யும் இடத்துக்கே போனது. பாக்கியில் பெரும்பகுதியைக் கோர்ட்டில் கட்டினார், மீதிக்குத் தவணை கேட்டிருக்கிறார். தவணை தவறினால் போடுவதற்கு அடுத்த மனுவை மேடம் இப்போதே தயாராக வைத்திருக்கிறார், அதே நாலு கட்டத் தாளோடு.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுப்பேன். குறைத்த ஒன்று காத்திருப்புக்காக. நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் உங்கள் தாலுகா அலுவலகம் எது என்று சொல்வார்கள். பணம் நின்று பத்து மாதம் ஆகியிருந்தால் இந்த வாரமே போங்கள்.