மஸ்டா ரோட்ஸ்டர்: ஓட்டிய ஆண்டுகளும் விற்ற விலையும்

சிங்கப்பூரில் பழைய காரின் விலையில் பெரும்பங்கு, அந்தக் கார் இன்னும் எத்தனை மாதம் சாலையில் ஓடலாம் என்பதற்கான விலைதான். இன்ஜினும் இருக்கையும் சக்கரமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே கணக்குதான். ஆனால் அதை விற்பவர்களில் பலர் கணக்கை மூடிவைத்துவிட்டு, தங்கள் ஆசையையே விலையாக எழுதிவிடுகிறார்கள். 2016 ஜூலையில் பதிவான மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றைப் பல ஆண்டுகள் ஓட்டி, 2024 தொடக்கத்தில் நேரடியாக விற்றேன். கேட்கும் விலையை எப்படி முடிவு செய்தேன் என்பதை எண்களோடு எழுதுகிறேன். இப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்களுக்கும், வாங்க நினைத்து விளம்பரங்களைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்களுக்கும் இது உதவும்.

முதலில் காரைப் பற்றி. ஜப்பானிலிருந்து தனியார் இறக்குமதியாளர் வழியே வந்த வண்டி இது. அங்கே இதன் பெயர் ரோட்ஸ்டர். 1.5 லிட்டர் இன்ஜின், ஆறு வேக மேனுவல் கியர், இரண்டே இருக்கைகள், துணிக் கூரை. எடை ஏறத்தாழ ஒரு டன்தான். சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஒரு கையால் கொக்கியை விடுவித்து, இருக்கையிலிருந்து எழாமலே கூரையைப் பின்னால் தள்ளிவிடலாம். பகல் வெயிலில் அப்படிச் செய்வது தண்டனை. மாலை ஏழு மணிக்கு மேல், மழை விட்ட பிறகு, லிம் சூ காங் சாலையில் கூரையைத் திறந்து மெதுவாகப் போகும்போது கிடைக்கும் இன்பத்துக்கு இணையாக இந்தத் தீவில் நான் வேறெதையும் அறியேன். பின்பெட்டியின் கொள்ளளவு 130 லிட்டர். இரண்டு பேரின் வாரக்கடைசிப் பைகளுக்குப் போதும், அதற்கு மேல் இடமில்லை. முக்கால் டாங்க் பெட்ரோலோடு உட்லண்ட்ஸ் எல்லையைக் கடந்து மலேசியாவுக்குள் போய், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் வளைந்து வளைந்து ஏறியபோதுதான் இந்தக் கார் எதற்காக உருவாக்கப்பட்டது என்பது விளங்கியது. எண்ணெய், பிரேக் பட்டை, பேட்டரி, டயர் என்ற வழக்கமான செலவுகளைத் தவிர அது என்னிடம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. இவ்வளவு பிடித்த காருக்கு விலை வைக்கும்போதுதான் மனத்தை ஒதுக்கிவைத்துவிட்டுத் தாளையும் பேனாவையும் எடுக்க வேண்டும்.

தாளில் முதலில் எழுத வேண்டியது அடிமதிப்பு. சிங்கப்பூரில் ஒரு காரைப் பத்தாண்டு முடிவதற்குள் பதிவிலிருந்து நீக்கினால் இரண்டு வகையில் பணம் திரும்பி வரும். ஒன்று, சிஓஇ எனப்படும், ஏலத்தில் எடுக்கும் பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழுக்குக் கட்டிய தொகையில் எஞ்சிய மாதங்களுக்குரிய பங்கு. இன்னொன்று பார்ஃப் என்ற தள்ளுபடி. பதிவின்போது கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தில், கார் ஐந்து வயதைத் தாண்டாதவரை 75 விழுக்காடு திரும்பக் கிடைக்கும். பிறகு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடாகக் குறைந்து, பத்தாம் ஆண்டில் 50 விழுக்காட்டில் நிற்கும். இது என் கார் பதிவான காலத்து விதி. 2023 பிப்ரவரி இரண்டாம் ஏலத்திலிருந்து பெற்ற சிஓஇயோடு பதிவான கார்களுக்கு 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று ஓர் உச்சவரம்பு வந்தது. ஆகவே உங்கள் காரின் பதிவுத் தேதிக்குரிய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் காரின் எண்களை முழுமைப்படுத்திச் சொல்கிறேன். திறந்த சந்தை மதிப்பு, அதாவது சுங்கத்துறை கணிக்கும் இறக்குமதி மதிப்பு, 28,000 வெள்ளி. அன்றைய விதிப்படி முதல் 20,000க்கு 100 விழுக்காடு, அடுத்த 8,000க்கு 140 விழுக்காடு. ஆக, கூடுதல் பதிவுக் கட்டணம் 31,200. கட்டிய சிஓஇ 50,000. 2024 ஜனவரியில் காருக்கு ஏழரை வயது, மீதி 30 மாதம். சிஓஇ பங்கு 12,500. பார்ஃப் 60 விழுக்காடு என்றால் 18,720. இரண்டும் சேர்ந்து 31,220 வெள்ளி. யாரும் வாங்காவிட்டாலும் அரசாங்கத்திடமிருந்து வரும் தொகை இது. இதற்குக் கீழே எந்த வணிகர் கேட்டாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஆனால் சந்தை விலை இதைவிடப் பல ஆயிரம் வெள்ளி மேலே இருக்கும். சிஓஇ பங்கு என்பது 2016இல் நான் கட்டிய தொகையின் மீதி. வாங்க வருபவரோ இன்றைய சிஓஇ விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். புதிய கார் வாங்கினால் ஆண்டுக்கு எவ்வளவு கரையும், இந்தப் பழைய காரில் எவ்வளவு கரையும் என்பதே அவருடைய கேள்வி. அதனால்தான் இங்கே எல்லாரும் ஆண்டுத் தேய்மானத்தில் பேசுகிறார்கள். விற்கும் விலையிலிருந்து பத்தாம் ஆண்டு முடிவில் திரும்பக் கிடைக்கும் பார்ஃப் தொகையைக் கழித்து, மீதமுள்ள ஆண்டுகளால் வகுத்தால் அது கிடைத்துவிடும். என் காருக்குக் கடைசியில் கிடைக்கும் பார்ஃப் 15,600. ஆண்டுத் தேய்மானம் 15,000 என்றால் விலை 53,100. 17,000 என்றால் 58,100. அதாவது தேய்மானத்தில் 1,000 வெள்ளி கூட்டினால் விலையில் 2,500 கூடுகிறது. எந்தத் தேய்மானம் நியாயம் என்பதில்தான் உண்மையான விவாதமே இருக்கிறது.

அதை விளம்பரங்களிலிருந்துதான் எடுக்க வேண்டும். அங்கே காண்பது கேட்கும் விலை. விற்ற விலையை யாரும் எழுதிவைப்பதில்லை. ஆகவே ஒருநாள் பார்த்து முடிவுக்கு வராமல், ஒத்த கார்களைச் சில வாரங்கள் தொடர்ந்து கவனித்தேன். ஒரே தலைமுறை, ஒரே 1.5 லிட்டர் இன்ஜின், அதே மேனுவல் கியர், பதிவுத் தேதியில் ஓராண்டுக்கு மேல் வேறுபாடு இல்லாதவை. 2.0 லிட்டர் எம்எக்ஸ்-5ஐ இதில் சேர்க்கவே கூடாது. அது 1,600 சிசியைத் தாண்டியதால் சிஓஇயில் பி பிரிவு. சாலை வரியும் வேறு. கூரை வடிவம் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக அந்த விலையைக் காட்டிப் பேரம் பேசுபவர்களும் உண்டு. பட்டியலிலிருந்து விரைவில் மறைந்த கார்களின் ஆண்டுத் தேய்மானம் 15,000க்கும் 17,000க்கும் இடையில் இருந்தது. 18,000க்கு மேல் எழுதியவை மாதம் முழுவதும் அதே இடத்தில் நின்று, பிறகு சத்தமில்லாமல் விலையைக் குறைத்துக்கொண்டன.

அந்தக் காலம் வேறு வகையிலும் குழப்பமானது. 2023 அக்டோபரில் என் காருக்குரிய ஏ பிரிவு சிஓஇ 106,000 வெள்ளியைத் தொட்டது. 2024 ஜனவரி முதல் ஏலத்தில் அது 65,010 வெள்ளிக்கு இறங்கியது. மாதம் இரண்டு முறை ஏலம். ஒவ்வொரு ஏலத்துக்குப் பிறகும் பழைய கார் விலைகள் கொஞ்சம் நகரும். ஏறும்போது விற்பவர்கள் அன்றே விலையை மாற்றுகிறார்கள், இறங்கும்போது அக்டோபர் விலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதேபோல, ஜனவரி ஏலத்தின் முடிவை மட்டும் காட்டி அடிமாட்டு விலைக்குக் கேட்ட வணிகர்களும் இருந்தார்கள். இரண்டுமே முறையல்ல. பத்தாண்டு முடிந்த காரின் சிஓஇயைப் புதுப்பிப்பவர்கள் கட்டும் தொகை, கடந்த மூன்று மாத ஏலங்களின் சராசரி. அரசாங்கமே ஒரு வார ஏற்ற இறக்கத்தை நம்பாமல் மூன்று மாதத்தைப் பார்க்கிறது. நானும் அந்தச் சராசரியையே துணையாக வைத்துக்கொண்டேன். அதனால் 18,000 என்ற பேச்சுக்கும் 15,000 என்ற பேச்சுக்கும் நடுவில், 16,000ஐ ஒட்டி நிற்க எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

இனி காரின் நிலை. ஸ்போர்ட்ஸ் காரில் இது சாதாரண செடானைவிட அதிகம் பேசும். துணிக் கூரையின் பக்கவாட்டில், மடியும்போது உள்ளே இருக்கும் சட்டம் உரசும் இடத்தில் நூல் வெளுத்துத் தேயத் தொடங்கும். என் காரில் இடப்பக்கம், சன்னலுக்குப் பின்னால், கட்டைவிரல் நகம் அளவுக்கு அப்படி ஓர் இடம் இருந்தது. அதை வெளிச்சத்தில் அண்மையில் படமெடுத்து விளம்பரத்திலேயே போட்டேன். கூரையிலிருந்து வழியும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் வடிகால் துளைகள் வழியே இறங்கிப் போகும். திறந்தவெளி வாகன நிறுத்தத்தில் மரத்தடியில் நிற்கும் காருக்கு இலைத்தூளும் பூந்தூளும் சேர்ந்து அந்தத் துளை அடைத்துக்கொள்ளும். நீர் உள்ளே தேங்கிக் கம்பளம் நனையும். பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே அரைக்குவளை நீரை மெல்ல ஊற்றி, அது காரின் அடியில் தாமதமில்லாமல் சொட்டுவதைக் காட்டினேன். வாங்கப் போகும் நீங்களும் இதைச் செய்து பாருங்கள். விற்பவர் மறுத்தால் கம்பளத்தின் கீழே கைவைத்துப் பாருங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3518 என்றால் 2018ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் பழைய ரப்பர் கல்லாகிவிடும். பின்சக்கரங்களால் உந்தப்படும் இந்தக் காருக்கு மழையில் அது ஆபத்து. என் டயர்கள் மாற்றும் வயதை எட்டியிருந்தன. நான்கும் மாற்ற 700, 800 வெள்ளி ஆகியிருக்கும். அதைக் கேட்கும் விலையிலேயே கழித்துவிட்டேன்.

கூட்டிச் சேர்த்தவற்றுக்கு விலை கேட்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். புகைபோக்கி, சுருள்வில், சக்கரம் என்று எதற்குச் செலவு செய்திருந்தாலும் அது உங்கள் ரசனைக்கான செலவு. வாங்குபவர் அதை அகற்ற வேண்டியிருக்கலாம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிக்கு உட்படாததாக இருந்தால் வாகனச் சோதனையில் நின்றுவிடும். கழற்றிவைத்த அசல் பாகங்களுக்கோ உண்மையாகவே மதிப்பு உண்டு. பட்டறைச் சீட்டுகளும் அப்படித்தான். என்ன எண்ணெய், எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர் என்று வரிசையாக இருந்தால் அதுவே பேசிவிடும். ஒரு தனியார் சோதனை நிலையத்தின் மதிப்பீட்டு அறிக்கையும் சேர்ந்தால் பேரம் பாதியாகக் குறைகிறது.

வாங்குபவர்கள் எத்தனை பேர் இருக்க முடியும் என்பதையும் விலையில் கருத வேண்டும். ஆட்டோ கியருக்கு மட்டுமான 3ஏ உரிமம் வைத்திருப்பவர்கள் இந்தக் காரை ஓட்ட முடியாது. குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு இது ஒத்துவராது. கடனிலும் ஒரு கட்டுப்பாடு: திறந்த சந்தை மதிப்பு 20,000ஐத் தாண்டிய காருக்கு விலையில் 60 விழுக்காடுதான் கடன் கிடைக்கும், அதையும் எஞ்சிய சிஓஇ காலத்துக்குள் அடைக்க வேண்டும். 56,000 வெள்ளிக் காருக்கு 22,400 கையிலிருந்து எடுக்க வேண்டும்; மீதி 33,600ஐ 30 மாதத்தில் அடைத்தால் வட்டி இல்லாமலே மாதம் 1,120. நான் 2,500 கூட்டிக் கேட்டால் அவர் கையில் இன்னும் 1,000 இருக்க வேண்டும், மாதத் தவணையும் 50 வெள்ளி கூடும். விலை எழுதும் முன் இதை எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பது விற்பவரின் கடமை என்று நினைக்கிறேன்.

வாங்க வருபவர்களில் இரண்டு வகையினரைக் கண்டேன். ஒருவர் இரண்டரை ஆண்டு ஓட்டிவிட்டுக் காரைப் பதிவிலிருந்து நீக்கி 15,600ஐப் பெற்றுக்கொள்ளப் போகிறவர். அவருக்குத் தேய்மான எண்ணே எல்லாம். மற்றவர் 2026இல் சிஓஇயைப் புதுப்பித்து இன்னும் பல ஆண்டுகள் வைத்திருக்க விரும்புபவர். அவர் பார்ஃப் தொகையை முழுதாக இழப்பார். பத்தாண்டு தாண்டியதும் சாலை வரியும் ஆண்டுக்குப் பத்து விழுக்காடாகக் கூடி 50 விழுக்காடு வரை போகும். அவருக்கு வேண்டியது நல்ல உடம்பும் நல்ல கியர்பெட்டியும் உள்ள கார். பராமரிப்புக்கென்று கொஞ்சம் கூடுதலாகத் தர அவர்தான் தயாராக இருப்பார். முதல் வகையினரும் ஏற்கக்கூடிய விலையை எழுதி, சீட்டுகள் நிரூபிக்கும் அளவுக்கு மட்டும் இரண்டாம் வகையினருக்காகச் சேர்க்கலாம் என்பது என் முடிவு. டயர் செலவையும் கழித்து, ஆண்டுக்கு 16,500 என்று வைத்தேன். 56,850 வந்தது, 56,800 என்று எழுதினேன். அடிமதிப்பு, சிஓஇ, பார்ஃப், எஞ்சிய மாதம், தேய்மானக் கணக்கு அனைத்தையும் விளம்பரத்திலேயே வரிவரியாகக் கொடுத்தேன்.

பேரத்துக்கென்று 4,000, 5,000 ஏற்றிவைக்கும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. கணக்குத் தெரிந்தவர் அந்த எண்ணைப் பார்த்ததும் அழைக்கவே மாட்டார். கணக்குத் தெரியாதவரோ ஏமாறுவார். அப்படி வரும் பணம் எனக்கு வேண்டாம். “கடைசி விலை என்ன?” என்று காரைப் பார்க்காமலே கேட்டவர்களுக்கு, வந்து பாருங்கள், கணக்கில் பிழை இருந்தால் காட்டுங்கள் என்று மட்டும் பதில் சொன்னேன். ஒரு வணிகர் தொலைபேசியில் என் விலையையே தருவதாகச் சொல்லிவிட்டு, நேரில் வந்ததும் கூரையைத் தடவிப் பார்த்து 6,000 குறைத்தார். அந்தத் தேய்மானம் விளம்பரப் படத்திலேயே இருந்தது. அவரை வழியனுப்பிவைத்தேன்.

வாங்கியவர் இரண்டாம் வகை இளைஞர். குளிர்ந்த இன்ஜினில் முதல் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாற்றிப் பார்த்தார், வடிகாலைப் பார்த்தார், சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு, “அண்ணே, டயருக்கு நீங்களே கழித்துவிட்டீர்கள். கூரைக்குக் கழிக்கவில்லையே” என்றார். அவர் சொன்னது சரி. ஒட்டுப்போட்டுத் தைக்கும் செலவாக 800 குறைத்து, 56,000க்குக் கைகுலுக்கினோம்.

ஜூலைக்கு முன்பே விற்றதில் இன்னொரு நன்மையும் இருந்தது. காரின் வயது எட்டைத் தாண்டும் நாளில் பார்ஃப் 60இலிருந்து 55 விழுக்காட்டுக்கு இறங்கி, அடிமதிப்பில் 1,560 வெள்ளி ஒரே நாளில் போய்விடும். வணிகர்கள் தரும் விலை அதற்கேற்ப உடனே குறையும். உங்கள் காரின் பிறந்தநாளுக்குச் சில வாரங்களே இருந்தால் விளம்பரத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பெயர்மாற்றம் சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளத்தின் மூலம் இணையத்திலேயே முடிகிறது. அதற்கு முன் கடன் பாக்கி இருந்தால் தீர்த்திருக்க வேண்டும், வாங்குபவர் பெயரில் காப்பீடும் தயாராக இருக்க வேண்டும். எஞ்சிய சாலை வரி காரோடு போய்விடுகிறது. பெயர்மாற்றம் முடிந்த அன்றே என் காப்பீட்டை நிறுத்தச் சொல்லி எழுதினேன். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான தள்ளுபடி காரோடு போவதில்லை. அது என் பெயரில்தான் இருக்கிறது.