ஏழு உருப்படி, ஒரு ராத்திரி ரயில்: நகையை எப்படிக் கொண்டுபோவது?

எழும்பூரில் ரயிலேறி நாகர்கோவிலில் இறங்கும் ஒவ்வொரு கல்யாணப் பயணத்துக்கு முன்னாலும் எங்கள் வீட்டில் ஒரு பழைய வழக்கு விசாரணைக்கு வரும். நகையைப் போட்டுக்கொண்டு போவதா, உள்ளே வைத்துக்கொண்டு போவதா?

"கழுத்துல கெடந்தா நம்ம கண்ணு முன்ன கெடக்கும்லா" என்பது அம்மா கட்சி. "அடுத்தவன் கண்ணு முன்னயும் கெடக்குமே அத்தை" என்பது மைனி, அதாவது என் அண்ணி கட்சி. நான் இரண்டு கட்சியிலும் இருந்திருக்கிறேன். சுருக்குப் பை, சூட்கேஸ், எவர்சில்வர் டப்பா, மண்டபத்து அறை, ஹோட்டல் லாக்கர் என்று மற்ற வழிகளையும் ஒரு சுற்று பார்த்தாயிற்று.

எது மேல் என்று சொல்ல எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. எங்கள் வீட்டில் இதுவரை பயணத்தில் தொலைந்தது இரண்டு உருப்படி. ஒன்று கல் தோடு. லாட்ஜில் டிஷ்யூ தாளில் சுற்றி மேசைமேல் வைத்தது, டீ கப்போடு குப்பைக்குப் போய்விட்டது. இன்னொன்று ஜிமிக்கி. திருகு எங்கோ கழன்று விழுந்ததை யாரும் பார்க்காமல், பின்னாலேயே அதுவும் போனது. இரண்டிலும் திருடன் வரவில்லை. அதனால் ஒரு வழி எவ்வளவு ரகசியமானது என்பதைவிட, அதில் இருக்கும் நகையை அரை நிமிஷத்தில் எண்ணி முடிக்கலாமா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

கழுத்திலா, மடியிலா, பெட்டியிலா

போட்டுக்கொண்டு போவதில் எண்ணிக்கை சுலபம்தான், தடவிப் பார்த்தால் போதும். ஆனால் ஸ்லீப்பர் பெட்டியின் ஜன்னலோரம் அது சரிவராது. சிக்னலுக்காக ஊருக்கு வெளியே ரயில் ஊர்ந்து நிற்கும் நேரத்தில் ஜன்னல் வழியாக வரும் கைக்கு ஒரு நொடி போதும். ஏசி பெட்டியில் ஜன்னல் திறக்காது, அந்தப் பயம் இல்லை. ஆனாலும் தூக்கம் தூக்கம்தான். சங்கிலியை ரவிக்கையோடு ஊக்கு குத்திக்கொள்ளும் பழக்கம் நழுவி விழாமல் இருக்க உதவும். பறிப்பவனிடம் அது செல்லாது. இழுத்த இழுப்பில் கழுத்துதான் அறுபடும்.

இதில் பலர் யோசிக்காத இன்னொரு நஷ்டம் உண்டு. 22 காரட் நகையில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், அது மெத்தென்ற உலோகம். ஆரத்தோடு படுத்துப் புரண்டால் காலையில் கண்ணி வளைந்திருக்கும், கல் ஒன்று காணாமல் போயிருக்கும். எனவே அம்மா கட்சிக்கு நான் விட்டுக்கொடுப்பது ஒரு மெல்லிய சங்கிலியும் சின்னத் தோடும் மட்டும். தாலிக்கொடியை என்ன செய்வது என்பது அவரவர் மனசு. பயணத்துக்கு மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு கொடியைத் தனியே கொண்டுபோகிறவர்கள் எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர்.

அடுத்தது மடி. ஆச்சிகளின் சுருக்குப் பை இடுப்பில் செருகியபடி எத்தனையோ பஸ் ஏறி இறங்கியது. இன்று அதன் பேத்தி, சுடிதாருக்குள் கட்டிக்கொள்ளும் தட்டையான பெல்ட் பை. உடம்போடு இருப்பதால் எங்கும் விட்டுவிட்டு வர முடியாது, அதுவே பெரிய பலம். ஆனால் இதையும் அசைக்க முடியாத கோட்டை என்று நினைக்காதீர்கள். இடுப்பு பெல்ட்டில் 1 லட்சம் ரூபாய் வைத்துக்கொண்டு ரயிலில் போன ஒரு பயணி, அது திருடுபோனதும் ரயில்வேமீது நுகர்வோர் வழக்குப் போட்டார். கீழே உள்ள மன்றங்கள் எல்லாம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்ல, 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. தன் பொருளைப் பயணியே காத்துக்கொள்ள முடியாதபோது அதை ரயில்வேயின் சேவைக் குறைபாடு என்று சொல்ல முடியாது என்றது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100ஆம் பிரிவும் அதே வழிதான்: பதிவு செய்து ரசீது வாங்காத சாமானுக்கு, ரயில்வேயின் கவனக்குறைவை நிரூபித்தால் ஒழியப் பொறுப்பில்லை. அதாவது இடுப்பில் இருந்தாலும், இருக்கைக்கு அடியில் இருந்தாலும், போனால் நமக்குத்தான் போனது. புகார் கொடுக்க மட்டும் வழியில் இறங்க வேண்டியதில்லை. ஓடும் ரயிலிலேயே டிக்கெட் பரிசோதகரிடமோ காவலுக்கு வரும் போலீஸிடமோ படிவம் வாங்கி எழுதிக் கொடுக்கலாம், 139க்கும் அழைக்கலாம்.

இடுப்புப் பையின் நிஜமான குறை இடம். மோதிரம், சங்கிலி, தோடு அடங்கும். ஆரமும் வளையலும் வைத்தால் வயிற்றில் குத்தும், வெளியே புடைத்தும் தெரியும்.

சூட்கேஸ் என் பட்டியலில் கடைசி. கீழ் பெர்த்துக்கு அடியில் சங்கிலி போட வளையம் இருக்கிறது, பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்பார் என் கணவர். பல் பல்லாக இருக்கும் ஜிப்பை ஒரு பால்பாயிண்ட் பேனாவின் முனையால் பிளக்கலாம், பூட்டு பூட்டியபடியே இருக்கும் என்பதை அவருக்குச் செய்தே காட்டினேன். போதாக்குறைக்கு, எண்ணிப் பார்க்க வேண்டுமென்றால் எதிர்வரிசை முழுதும் பார்க்கப் பெட்டியைத் திறக்க வேண்டும். ஆம்னி பஸ் டிக்கியைப் பற்றிப் பேசவே வேண்டாம். விமானத்தில் செக்-இன் பெட்டியில் நகை வைக்காதீர்கள் என்று விமான நிறுவனங்களின் விதிகளே சொல்கின்றன. பன்னாட்டுப் பயணத்தில் பெட்டி தொலைந்தால் மாண்ட்ரீல் ஒப்பந்தப்படி ஒரு பயணிக்குக் கிடைக்கக்கூடிய உச்சம் 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு), அதுவும் துணிமணி எல்லாம் சேர்த்து.

என் ஓட்டு, குறுக்காக மாட்டும் சின்னத் தோள்பைக்கு. துப்பட்டாவுக்குள் கிடக்கும், கழிப்பறைக்கும் கூடவே வரும், பெரிய நகையும் கொள்ளும். மேல் பெர்த் வாங்கிக்கொண்டு சுவருக்கும் எனக்கும் நடுவில் பையை வைத்து, வாரைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொள்வேன். முட்டி ஒத்துழைக்கும் வரைதான் இந்த யோசனை. அம்மாவிடம் சொன்னால் "நீ ஏறிப் படு மக்ளே, எனக்கு கீழ பெர்த்து போடு" என்பாள்.

பைக்குள் எதில் வைப்பது

நகைக்கடை வெல்வெட் பெட்டியைப் பார்க்க லட்சணமாக இருக்கும், ஒரு நெக்லஸுக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இடம் கேட்கும். மூடியில் கடைப்பெயர் பொன்னெழுத்தில் மின்னும். பீரோவுக்கு நல்லது, பயணத்துக்கு வேண்டாம்.

துணிச் சுருள் இப்போது நிறையப் பேர் வாங்குகிறார்கள். பாய்போல விரித்து, அறை அறையாக வைத்து, சுருட்டிக் கட்டும் பை. ஆரம், அட்டிகைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை, ஒன்றோடொன்று உரசாது. ஆனால் எண்ண வேண்டுமானால் முழுக்க விரிக்க வேண்டும், ஓரத்து அறையில் வைத்த மோதிரம் சுருட்டும்போது நழுவுவதும் உண்டு. ஜிப் இல்லாத அறைகள் உள்ள சுருளை வாங்கவே வாங்காதீர்கள்.

அதற்கு எதிரே நிற்பது மளிகைக்கடையில் கிடைக்கும் ஜிப் கவர். விலை சில்லறை. கண்ணாடிபோலத் தெரிவதால் திறக்காமலே எண்ணலாம். ஒரு கவருக்கு ஒரு உருப்படி, அவ்வளவுதான் சட்டம். சங்கிலியை உள்ளே இறக்கிக் கொக்கியை மட்டும் வெளியே விட்டு மூடினால் சிக்கல் விழாது. சங்கிலியை ஸ்ட்ராவுக்குள் விட்டுக் கொக்கி மாட்டுவதும் நடக்கும், ஆனால் தடிமனான சங்கிலி நுழையாது. முத்து மாலையை மட்டும் பிளாஸ்டிக்கில் பல நாள் அடைத்து வைக்கக் கூடாது, அதன் மினுமினுப்புக்குக் கொஞ்சம் ஈரப்பதம் வேண்டும். போக வர இரண்டு நாளுக்குப் பாதகமில்லை. வெள்ளிக் கொலுசை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் ரப்பரில் உள்ள கந்தகம் பட்டு அந்த இடம் கறுக்கும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, மகள் கொலுசில் கோடு கோடாகப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வடசேரிக் கெம்பு செட்டுக்குக் கவரும் சரிவராது, சுருளும் சரிவராது. புவிசார் குறியீடு வாங்கிய அந்தக் கோயில் நகையில் கல் நெருக்கமாகப் பதித்திருக்கும், அழுத்தினால் தெறிக்கும். அதற்கு அம்மாவின் எவர்சில்வர் டப்பாவேதான்: அடியில் பஞ்சு, மேலே பழைய மல் துணி, அதன்மேல் நெத்திச்சுட்டி. எதுவும் நசுங்காது. ஒரே அபாயம், கல்யாண வீட்டில் யாராவது அதை நார்த்தங்காய் ஊறுகாய் என்று எண்ணிப் பந்திக்குத் தூக்கிக்கொண்டு போவது. நகையை இட்லிப் பொடிக்குள் ஒளித்து வைப்பது போன்ற சாமர்த்தியங்களை நான் எதிர்ப்பதும் இதனால்தான். ஒளித்தது ஒருவருக்குத்தான் தெரியும், தூக்கிப் போடும் உரிமை வீட்டில் எல்லோருக்கும் உண்டு.

தோடு, மூக்குத்திக்கு மாத்திரை டப்பா. திருகைத் தண்டிலேயே திருகிய பிறகுதான் உள்ளே போட வேண்டும்.

போய்ச் சேர்ந்த இடத்தில்

மண்டபத்து மணமகள் அறை, சொந்தக்காரர் வீட்டு பீரோ, ஹோட்டல் லாக்கர். மூன்றில் மண்டப அறைதான் மோசம். சாவி சித்தியிடம் இருக்கும், சித்தி பந்தியில் இருப்பாள். அறைக்குள் பத்து சூட்கேஸ், முப்பது பேர், யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்க முடியாது. தாலி கட்டும் நேரத்தில் மொத்த மண்டபமும் மேடையைப் பார்த்து நிற்கும். அறையைப் பார்க்க ஆள் இருக்காது.

சொந்தக்காரர் வீட்டு பீரோ பத்திரம்தான். ஆனால் அவர்கள் முன்னால் கவர்களை எடுத்து வைத்து எண்ண நமக்குக் கூச்சம், சந்தேகப்படுகிறாள் என்று அவர்களுக்கு வருத்தம். எண்ணாமல் வாங்கி வைத்துக்கொள்வோம், ரயிலில் மனசு அடித்துக்கொள்ளும்.

ஹோட்டல் லாக்கரை நிர்வாகமும் திறக்க முடியும். எண்ணை மறந்தவர்களுக்காக அந்த வசதி இருக்கத்தான் வேண்டும். அது சுவரிலோ அலமாரியிலோ திருகி இறுக்கப்பட்டிருக்கிறதா என்று அசைத்துப் பாருங்கள். ஓர் இரவுக்கு நான் பயன்படுத்துவேன், ஆனால் உள்ளே ஒரு கால் செருப்பையும் சேர்த்து வைத்துவிட்டு. வெறுங்காலோடு அறையைக் காலி செய்துவிட்டுப் போக முடியாது பாருங்கள்.

கொண்டுபோகாமலே இருந்தால்

மைனியின் கடைசி ஆயுதம் இது: லாக்கரில் விட்டுவிட்டுக் கவரிங் போடு. சிதம்பரம் கவரிங்கை நாலடி தள்ளி நின்று பார்த்தால் எனக்கே அடையாளம் தெரியாது. ஆனால் வேர்வை பட்டால் நாளடைவில் கறுக்கும், சிலருக்குத் தோல் அரிக்கும். ஒட்டியாணம், தோளில் போடும் வங்கி, நெத்திச்சுட்டி கவரிங்கிலோ வாடகையிலோ இருக்கட்டும். அவற்றை யாரும் கையில் எடுத்து எடை பார்ப்பதில்லை. கழுத்திலும் காதிலும் மட்டும் அசல். இந்தச் சமரசத்தில் என் ஏழெட்டு உருப்படி ஏழோடு நின்றது.

வங்கி லாக்கரையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி ஆகியவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 என்றால் உச்சம் 3 லட்சம். இன்னொன்று, ஞாயிறு முகூர்த்தமும் இரண்டாவது சனிக்கிழமையும் சேர்ந்து வந்தால் வெள்ளிக்கிழமையே எடுத்தாக வேண்டும், திங்கள் வரை திருப்பி வைக்க முடியாது. மூன்று ராத்திரி நகை நம் கையில்தான். ஆக, லாக்கரா பையா என்பதே பாதிப் பொய்க் கேள்வி.

எதைத் தேர்ந்தாலும் கிளம்பும் முன் வெள்ளை வேட்டியில் பரப்பி ஒரு போட்டோ எடுத்து, பில்லோடு சேர்த்துப் போனில் வையுங்கள். 2023 ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கிய ஹால்மார்க் நகை என்றால் அதில் ஆறு எழுத்து-எண் கொண்ட அடையாளம் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளலாம். போலீஸ் புகாருக்கு உதவும். தேர்தல் நேரத்தில் பறக்கும் படை வண்டியை நிறுத்தினாலும் உதவும்.

போன மாசி மாதக் கல்யாணத்துக்கு ஏழு கவரோடு போனேன். திரும்பி வரும்போது ரயில் வள்ளியூர் தாண்டியதும் துப்பட்டாவுக்குள்ளேயே எண்ணினேன். எட்டு இருந்தது. மறுபடி எண்ணினேன், எட்டுதான். எட்டாவதில் மைனியின் ஜிமிக்கி. சேலை மாற்றும் அவசரத்தில் என் பையில் போட்டிருக்கிறாள்.

போன் போட்டு, "மைனி, உங்க நகையெல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பத்திரமா எங்கிட்டதான் இருக்கு" என்றாள்.