இரண்டு பட்டையைக் கழற்றினேன், பின் அச்சு முறுக்கிக்கொண்டது: ஒரு பிக்கப் அனுபவம்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வாரத்துக்கு மூன்று முறை என் பிக்கப் அதில் ஏறி இறங்குகிறது. ஏறும்போது மளிகை, உரம், சில நாள் சிமென்ட். இறங்கும்போது அன்னாசி, வாழைத்தார், பருவம் வந்தால் பலா. 2019-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை, ஏனென்றால் தப்பு வண்டியுடையது அல்ல. என்னுடையது.

காலியாக வரும்போது இந்த வண்டி குதிக்கும். லோடு ஏற்றுவதற்கென்று கட்டின வண்டி, குதிக்கத்தான் செய்யும். ஆனால் இடுப்பு வலி வந்தவனிடம் இந்த நியாயம் எடுபடாது. 2021-இல் ஒரு பட்டறையில் பின்பக்கப் பட்டைக் கட்டை, அதாவது பின் அச்சைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங் அடுக்கைப் பிரித்து, ஐந்து பட்டையில் இரண்டைக் கழற்றிவிட்டோம். வண்டி உட்கார்ந்துவிட்டது. உயரம் வர வேண்டும் என்று கட்டுக்கும் அச்சுக்கும் நடுவில் இரண்டு இன்ச் இரும்புக் கட்டை வைத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் வண்டி கார் மாதிரி மிதந்தது. அன்று ராத்திரி நான் சொன்ன பெருமையை என் மனைவி இன்றும் குத்திக்காட்டுவாள்.

தொல்லை ஒரு மாதத்தில் ஆரம்பித்தது. கொண்டை ஊசியில் முதல் கியர் போட்டு கிளட்சை விட்டால் அடியில் ‘டக்’ என்று ஓர் அடி. மழை நாளில் ஈரத் தாரில் ஏறும்போது பின் சக்கரம் ‘டபடபடப’ என்று தரையை உதைத்தது. வண்டி கிளம்பும் முதல் பத்தடிக்கு பாடி முழுக்க ஓர் உதறல், வேகம் எடுத்ததும் போய்விடும்.

உதறல் என்றதும் எல்லோரும் கிளட்ச் என்றார்கள். கிளட்ச் பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் மாற்றினேன், கூலியோடு 11,000 ரூபாய். உதறல் அப்படியே இருந்தது. கியர்பாக்ஸ் மவுண்ட் மாற்றினேன், அதற்கும் அசையவில்லை. நடுவில், இன்ஜின் விசையைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டின் மடங்கு மூட்டில் (யூனிவர்சல் ஜாயின்ட்) இருக்கும் கிராஸ் ஒன்று தேய்ந்து போனது. மாற்றி நான்கு மாதத்தில் அதே கிராஸ் மறுபடி போனது. அப்போதுதான் யோசனை வந்தது. ஒரே பாகம் திரும்பத் திரும்பச் சாகிறதென்றால், அதைக் கொல்வது வேறெங்கோ இருக்கிறது.

விஷயம் இதுதான். இன்ஜின் கொடுக்கும் முறுக்கு விசை முதல் கியரில் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது, பின் அச்சின் நடுவிலிருக்கும் கிரவுன் பல்சக்கரத்தில் இன்னும் நான்கு மடங்கு. ஆக, சக்கரத்துக்குப் போவது பதினாறு மடங்கு அளவில். சக்கரத்தை முன்னுக்குத் திருப்பும்போது அதே அளவு விசை அச்சின் வெளிக்கூடான ஹவுசிங்கைப் பின்னுக்குத் திருப்பப் பார்க்கும். ஷாஃப்ட் வந்து சேரும் கிரவுனின் மூக்கு மேலே தூக்கும். அதைப் பிடித்து நிறுத்த பட்டைக் கட்டைத் தவிர வேறு எதுவும் இந்த வகை வண்டியில் கிடையாது. பட்டையில் தெம்பு இல்லையென்றால் அது பாம்பு மாதிரி நெளியும். டயர் ஒரு கணம் வழுக்கியதும் நெளிந்த பட்டை விருட்டென்று திரும்பும், மறுபடி பிடிக்கும், மறுபடி நெளியும். அந்த ‘டபடப’ அதுதான். மூக்கு தூக்கும்போது ஷாஃப்ட்டின் கோணம் கெட்டு உதறல் வருகிறது, கிராஸ் சாகிறது. ஆங்கிலத்தில் ஆக்சில் ராப் என்கிறார்கள். நாமக்கல் பட்டறையில் ஒரு பெரியவர் இன்னும் நன்றாகச் சொன்னார்: “அச்சு கொட்டாவி விடுது, கண்ணு.”

கண்டுபிடித்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் முதலில் செய்த சோதனையே தப்பு. ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்து, முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டுப் பார்த்தோம். அச்சு லேசாக ஒரு பக்கம் சாய்ந்ததே தவிர, மூக்கு தூக்கவில்லை. “பட்டையில ஒண்ணுமில்லீங்க” என்றார் மெக்கானிக். பிறகுதான் புரிந்தது. என் வண்டியில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின் டிரம்மில். பிரேக் ஷூ மாட்டியிருப்பதும் அதே ஹவுசிங்கில்தான். இன்ஜின் கொடுக்கும் விசை டிரம்முக்குப் போய், ஷூ வழியாக ஹவுசிங்குக்கே திரும்பி வந்துவிடுகிறது. ஹவுசிங் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும்போது பட்டைக்கு அங்கே என்ன வேலை? தரை டயரைப் பிடித்தால்தான் முறுக்கு பட்டைக்கு வரும்.

அடுத்த முறை லோடு இறக்கும் திண்ணையின் சிமென்ட் விளிம்பில் முன் சக்கரம் இரண்டையும் முட்டவைத்து, ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டு, முதல் கியரில் தள்ளினேன். அடியில் சேசிஸில் கட்டிவைத்த போன் வீடியோ எடுத்தது. வண்டிக்கு அடியிலோ முன்னாலோ ஆளை நிறுத்திவிடாதீர்கள், கிளட்ச் கால் நழுவினால் போதும். கிரவுன் மூக்கில் சாக்பீஸ் கோடும், பக்கத்தில் ஒரு டேப்பும் வைத்திருந்தோம். நான்கு சென்டிமீட்டருக்கு மேல் தூக்கியது. அந்த வீடியோவைப் பார்த்த மெக்கானிக் ஒன்றும் பேசாமல் டீ சொல்லப் போய்விட்டார்.

பட்டை அடுக்கைப் பிரித்ததும் மீதி கதையும் வெளியே வந்தது. பட்டைகளை அச்சோடு சேர்த்துக் கட்டும் நான்கு யூ போல்ட்டில் இரண்டு, ஸ்பேனர் வைத்த உடனே சுற்றின. பட்டையின் முன் முனையை சேசிஸில் மாட்டும் வளையமான முன் கண்ணின் புஷ்ஷில் ரப்பர் கிழிந்து இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருந்தன. அந்த இரண்டு இன்ச் கட்டைதான் பெரிய வில்லன். அச்சுக்கும் பட்டைக்கும் இடைவெளி கூடினால் அச்சு பட்டையை நெம்புவதற்கு நீளமான நெம்புகோல் கிடைத்த மாதிரி. பட்டையைக் குறைத்து, நெம்புகோலையும் கையில் கொடுத்திருக்கிறேன்.

செய்த வேலை சுலபம். இரண்டு பட்டையும் மறுபடி உள்ளே போயின. கட்டை வெளியே வந்தது. யூ போல்ட், சென்டர் போல்ட், புஷ் எல்லாம் புதிது. பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், ஒருமுறை இழுத்துக் கட்டியது நீண்டுதான் இருக்கும். பெரியவர் இன்னொன்றும் செய்தார்: கட்டின் முன் பாதியில் ஒரு கிளாம்பு கூடுதலாகப் போட்டார். கண்ணிலிருந்து அச்சு வரைக்கும் உள்ள அந்தப் பாதிதான் வண்டியைத் தள்ளுகிறது, அங்கே பட்டைகள் ஒன்றாக நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. எல்லாம் சேர்த்து 8,500 ரூபாய். 500 கிலோமீட்டர் ஓடியதும் வந்து யூ போல்ட்டை மறுபடி இறுக்கச் சொன்னார். போனேன், அரைச் சுற்றுக்குக் கிட்ட ஏறியது.

அதே திண்ணையில் அதே சோதனை: மூக்கு தூக்கியது ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே. மலையில் ‘டக்’ இல்லை, உதறலும் இல்லை. கொட்டும் மழையில் மட்டும், காலி வண்டியில், எப்போதாவது ஒரு ‘டப’.

அந்த ஒரு ‘டப’வை விட்டுவிட்டிருக்கலாம். இணையத்தில் படித்துவிட்டு ட்ராக்‌ஷன் பார் மாட்ட ஆசைப்பட்டேன். அச்சிலிருந்து சேசிஸுக்கு ஒரு குழாய், இரு முனையிலும் புஷ். வெல்டிங் கடையில் 4,000 ரூபாய்க்குச் செய்தோம். ஹவுசிங்கில் பற்றவைக்காமல் யூ போல்ட் பிளேட்டில் பிடித்தது மட்டும்தான் அதில் நான் செய்த புத்திசாலித்தனம், சூட்டில் ஹவுசிங் கோணினால் பேரிங் வரைக்கும் செலவு. மூன்றாவது வாரம், முழு லோடில் ஒரு வேகத்தடையில் சேசிஸ் பக்கத்து பிராக்கெட் பிய்ந்தது. லோடு ஏறி பட்டை நிமிரும்போது அச்சு கொஞ்சம் பின்னுக்கு நகரும். குழாய் அதை நகர விடாது. இரண்டும் மல்லுக்கட்டினால் எது பலவீனமோ அது போகும். சேசிஸ் முனையில் ஆடும் ஷேக்கிள் வைத்து மறுபடி மாட்டினோம், சரியாகத்தான் வேலை செய்தது. ஆனால் தடம் கெட்ட எஸ்டேட் சாலையில் கல் தட்டும் உயரத்துக்கு அது தொங்கியது. ஒரு வருடத்தில் கழற்றிவிட்டேன். பட்டை ஒழுங்காக இருக்கிற லோடு வண்டிக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. உயரம் கூட்டி, பெரிய டயர் போட்டு, காட்டில் ஓட்டுகிறவர்களுக்குக் கணக்கு வேறு.

இந்த அலைச்சலில் ஒரு சின்னப் புதிரும் தீர்ந்தது. என் வண்டியில் பின் ஷாக் அப்சார்பர் ஒன்று அச்சுக்கு முன்னாலும் இன்னொன்று பின்னாலும் இருக்கும். பழைய ஓனர் மாற்றி மாட்டிவிட்டார் என்றே நினைத்திருந்தேன், மெக்கானிக்கும் தலையாட்டினார். பிறகு பார்த்தால் அது தெரிந்தே செய்தது: அச்சு எந்தப் பக்கம் முறுக்கினாலும் ஒரு ஷாக் அதை அமுக்கும். அமெரிக்காவில் 1967-இல் ஒற்றைப் பட்டையோடு வந்த செவ்ரோலெட் கமாரோவில் இதே சக்கர உதைப்புத் தொல்லை. 1968 மாடலில் ஷாக்கை இப்படி முன்னும் பின்னுமாக மாற்றினார்கள். பெரிய இன்ஜின் வண்டிகளுக்குப் பட்டை எண்ணிக்கையையும் கூட்டினார்கள். அவர்கள் கூட்டிய பட்டையை நான் காசு கொடுத்துக் கழற்றியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு 60,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. கிராஸ் மாற்றவில்லை. புஷ் ஒருமுறை மாற்றினேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை யூ போல்ட்டில் ஸ்பேனர் வைத்துப் பார்க்கிறேன். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் முறுக்கு எதிர்த் திசையில் வரும், மூக்கு கீழே குனியும். கியரில் இறங்கினாலும் அந்த முறுக்கு உண்டுதான். ஆனாலும் பிரேக் சூடேறாமல் இருக்க ஏறின கியரிலேயே இறங்குகிறேன், பிரேக்கை நம்பி உருட்டுவதில்லை.

காலி வண்டி பழையபடி குதிக்கிறது. கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பின் டயர் காற்றுக்கு, காலிக்கு ஓர் அளவு, லோடுக்கு ஓர் அளவு என்று எழுதியிருப்பதை இத்தனை வருடம் கவனிக்காமல் இருந்தேன். அதன்படி வைத்ததில் பாதிக் குதிப்பு போய்விட்டது. மீதிக்கு சீட்டில் ஒரு தலையணை. ட்ராக்‌ஷன் பார் குழாய் இப்போது கொட்டகையில் இருக்கிறது, வாழைத்தார் தொங்கவிட நல்ல உறுதி.