சீசன் வேலையா, குரூப் 4-ஆ, அப்ரண்டிஸா? மலையில் டிகிரி முடிப்பவர்களுக்கு ஒரு கணக்கு

ஏப்ரலில் ஆறாவது செமஸ்டர் முடியும்போதே ஊட்டியில் சீசன் களைகட்டிவிடும். ரிசல்ட் வர ஜூன் ஆகும். அரசு கலைக் கல்லூரியானாலும் குன்னூர் பக்கத்துக் கல்லூரியானாலும், பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. முடிக்கிறவர்கள் அடுத்து என்ன என்று யோசிக்கிற நேரம் இதுதான். பெரும்பாலும் மூன்றில் ஒன்றில் போய் நிற்பார்கள். ஹோட்டல், காட்டேஜில் சீசன் வேலை. வீட்டிலிருந்தபடி டிஎன்பிஎஸ்சி குரூப் 4. இல்லையென்றால் ஒரு வருட அப்ரண்டிஸ், அதாவது ஒரு நிறுவனத்தில் உதவித்தொகையோடு பயிற்சி.

என் ஓட்டு அப்ரண்டிஸுக்கு. சம்பளத்தை மட்டும் பார்த்தால் சீசன் வேலை ஜெயிக்கும். வீட்டுக்காரர்களைக் கேட்டால் குரூப் 4 ஜெயிக்கும். நான் பார்ப்பது வேறு ஒன்றை. ஒரு வருடம் கழித்து, முகம் தெரியாத ஒரு ஆபீஸில் போய் உட்காரும்போது, "இந்த ஒரு வருடம் இங்கே இருந்தேன்" என்று எடுத்து நீட்ட கையில் என்ன காகிதம் இருக்கும்? மலையில் படித்தவர்கள் தோற்கிற இடம் பல நேரம் இதுதான். வேலை தெரியும், தெரியும் என்பதற்குச் சாட்சி இருக்காது.

சீசன் வேலை

இதை மட்டமாகப் பேச மாட்டேன். ஃப்ரன்ட் ஆபீஸில் ஒரு மே மாதம் முழுக்க நின்றவருக்குக் கூச்சம் போய்விடும். செக்-இன் நேரத்தில் ரூம் தயாராகவில்லை என்றால் கெஸ்ட்டிடம் என்ன சொல்வது, ஜிஎஸ்டி பில்லைத் திருத்துவது எப்படி, மலையாளத்திலும் கன்னடத்திலும் நாலு வாக்கியம் பேசுவது எப்படி, இதெல்லாம் வகுப்பில் வராது. சாப்பாடும் தங்க இடமும் அங்கேயே கிடைத்தால் வாங்குகிற சம்பளம் அப்படியே மிஞ்சும்.

ஜூனில் மழை பிடித்ததும் ஆளைக் குறைப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் மலைக்கு வர இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 சீசனில் நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. கூட்டம் வார இறுதிக்கே ஒதுங்கினால், வாரம் முழுக்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க சின்ன லாட்ஜ்காரர் யோசிப்பார். அவர் முதலில் கழிப்பது சீசனுக்கு வந்த ஆளைத்தான்.

பெரிய குறை காகிதத்தில். பல இடங்களில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கிடையாது. ஓனர் தன் சொந்த ஜிபே-யிலிருந்து அனுப்புவார். வங்கி ஸ்டேட்மென்ட்டில் அது சம்பளமாகத் தெரியாது, யாரோ ஒருவர் அனுப்பிய பணமாகத்தான் தெரியும். கூடவே பிள்ளைகளும் ஒரு வேலை செய்கிறார்கள்: "பிடித்தம் எதுவும் வேண்டாம் சார், முழுசா கையிலேயே குடுத்துடுங்க" என்று கேட்டு வாங்குகிறார்கள். 12,000 ரூபாய் சம்பளத்தில் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 90 ரூபாய். இந்த 1,530 ரூபாயைக் காப்பாற்றப் போய், தன் பெயரில் ஒரு யுஏஎன் எண்ணும் (பி.எஃப். கணக்குக்கான நிரந்தர எண்), அதில் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தார் என்ற பதிவும் வராமல் செய்துகொள்கிறார்கள். அடுத்த வேலையில் பின்னணி சரிபார்ப்பவர்கள் திறந்து பார்ப்பது அந்தப் பதிவைத்தான்.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்துக்கு பி.எஃப்., 10 பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. சேரும்போதே "பி.எஃப். உண்டா?" என்று கேளுங்கள். சின்ன இடம், அதெல்லாம் இல்லை என்றால், கிளம்பும்போது லெட்டர்ஹெட்டில் ஒரு சான்று வாங்குங்கள். ஆதாரில் உள்ளபடி முழுப் பெயர், என்ன வேலை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, கையெழுத்து, சீல், தொலைபேசி எண். இந்த ஆறில் தேதிதான் பெரும்பாலும் விடுபடும். தேதி இல்லாத சான்றை யாரும் மதிப்பதில்லை. பி.எஃப். பிடித்த இடமென்றால், விலகிய தேதியை முதலாளி ஏற்றினாரா என்றும் பாருங்கள். ஏற்றாமல் விட்டால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து நீங்களே யுஏஎன் தளத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.

குரூப் 4

படிப்பதில் தப்பே இல்லை. வீட்டில் உட்கார்ந்து அதை மட்டும் படிப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. 2024 ஜூன் 9 தேர்வுக்கு அறிவிப்பில் 6,244 இடம்; விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். 2025 ஜூலை 12 தேர்வுக்கு அறிவிப்பில் 3,935 இடம்தான். இடம் பின்னால் கூடும், அது வேறு. அந்த லட்சங்களில் பாதிப்பேர் சும்மா எழுதுகிறவர்கள் என்று கழித்தாலும் நெருக்கடி நெருக்கடிதான். கிடைக்கவில்லையென்றால் அந்த வருடத்துக்குக் கையில் இருப்பது ஹால் டிக்கெட் ஒன்று.

இதன் நல்ல பக்கம், மலையை விட்டு இறங்க வேண்டாம். தேர்வு மையம் தாலுகா அளவிலேயே இருக்கும். டிஎன்பிஎஸ்சி தளத்தில் ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், அது ஐந்து வருடம் செல்லும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் வகுப்பு இலவசம். 200 கேள்வியில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் வாங்காவிட்டால் மற்ற 100 கேள்விக்கான விடையைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே ஆறாம் வகுப்பு முதல் தமிழ்ப் பாடப்புத்தகத்தை வரி விடாமல் படிப்பதுதான் முதல் வேலை. இதை ராத்திரி இரண்டு மணி நேரத்தில் செய்யலாம்; பகலில் அப்ரண்டிஸ் போகிறவருக்கும் அந்த இரண்டு மணி நேரம் உண்டு. முதல் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவர்கள் 20 சதவீத ஒதுக்கீட்டுக்கான தமிழ்வழிச் சான்றைப் படித்த பள்ளியிலேயே இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மாறி மாறிப் படித்தவர்களுக்கு இது அலைச்சல் பிடித்த வேலை.

அப்ரண்டிஸ்

இது ஐடிஐ படித்தவர்களுக்கு மட்டும்தான் என்ற நினைப்பு மலையில் இன்னும் இருக்கிறது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையை வைத்து வந்த நினைப்பாக இருக்கலாம். சட்டம் 1961-இல் வந்தது; 2014 திருத்தத்துக்குப் பிறகு கலை, வணிகம், அறிவியல் பட்டதாரிகளுக்கும் வழி திறந்துவிட்டது. நாட்ஸ் என்று எல்லோரும் சொல்கிற தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்தின் தளத்தில் பதிய வேண்டும். நம் பக்கத்துக்கு அதை நடத்துவது சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலப் பயிற்சி வாரியம். பதிவுக்குக் கட்டணம் கிடையாது.

2019 விதிகளின்படி பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய். இந்தத் தொகை மாறக்கூடியது. சேரும் மாதத்தில் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவனம் விரும்பினால் கூடத் தரலாம். கனரா வங்கி, இந்தியன் வங்கி, எஸ்பிஐ போன்றவை 12,000 முதல் 15,000 வரை தருகிற அறிவிப்புகளை வெளியிட்டிருக்கின்றன. வங்கி அப்ரண்டிஸுக்குப் பொதுவாக 20 முதல் 28 வயது, ஏதாவது ஒரு டிகிரி. பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ தமிழ் ஒரு பாடமாக இருந்தால் உள்ளூர் மொழித் தேர்வு கிடையாது. பிரெஞ்சு எடுத்துப் படித்தவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். ஒரு மாநிலத்துக்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம். அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் பி.ஏ., பி.காம். படித்தவர்களை அப்ரண்டிஸாக எடுக்கின்றன.

கோவைக்கு இறங்க வேண்டி வந்தால் கணக்கு இறுகும். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஆறாயிரம் என்று வைத்தால் 9,000-இல் மூவாயிரம் மிஞ்சும். அதில் பஸ், போன், மாதம் ஒரு தடவை ஊருக்கு வந்துபோகிற செலவு. வீட்டுக்குப் பணம் அனுப்பியே ஆகவேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களை இதில் சேரச் சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுக்கு நல்ல ஹோட்டலில் பி.எஃப். உள்ள நிரந்தர வேலையே மேல். நான் போடுவது ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பிள்ளைகளின் கணக்கு. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கோவையைவிடக் கேரளப் பக்கம் கிட்ட. அங்கத்திய நடைமுறை எனக்கு அவ்வளவு பழக்கமில்லை.

அப்படியிருந்தும் ஏன் இதையே சொல்கிறேன் என்றால், இதில் காகிதம் முதல் நாளே உருவாகிவிடுகிறது. நிறுவனம் தளத்தில் ஒப்பந்தம் போடும், நீங்கள் ஏற்பீர்கள், வாரியம் பதிவு செய்யும். மாதாமாதம் வருகைப் பதிவு ஏறும். வருடம் முடிந்ததும் வாரியத்தின் தகுதிச் சான்றிதழ் வரும். அதை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அனுபவமாகவே பதியலாம். மேனேஜர் மாறினாலும் கம்பெனி இழுத்து மூடினாலும் அந்தப் பதிவு நிற்கும். சீசன் லாட்ஜ் கை மாறினால், உங்களுக்குச் சான்று தர அங்கே ஆளே இருக்காது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சியாளர், தொழிலாளி இல்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. வருடம் முடிந்ததும் வேலை தரவேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. வங்கியில் அப்ரண்டிஸ் இருந்ததால் வங்கி வேலை கிடைத்துவிடாது, அதற்குத் தனித் தேர்வு உண்டு. சில தனியார் கம்பெனிகள் இந்த ஒரு வருடத்தைக் கணக்கில் எடுக்காமல் ஃப்ரெஷர் சம்பளமே பேசும். பாதியில் விட்டால் சான்றிதழும் இல்லை, இன்னொரு முறை சேர்வதும் சிக்கல். எட்டாவது மாதம் குளிரும் வீட்டு நினைப்பும் சேர்ந்து மலைக்கு இழுக்கும். சான்றிதழுக்காகவாவது பல்லைக் கடித்துக்கொண்டு முடியுங்கள்.

எங்கே அடிபடும்

முதலில் அரியர். ஒரு பேப்பர் நின்றாலும் பட்டம் முடித்தவர் ஆக மாட்டீர்கள். அடுத்த நவம்பர்த் தேர்வு எழுதி, ரிசல்ட் வந்து, அதற்குள் நல்ல இடங்கள் நிரம்பியிருக்கும். ஆறாவது செமஸ்டரில் சீசன் வேலைக்காகத் தேர்வைக் கோட்டைவிடுவதைப்போல நஷ்டம் வேறில்லை.

அடுத்தது பெயர். மதிப்பெண் பட்டியலில் 'செல்வி ஆர்', ஆதாரில் 'ஆர் செல்வி', பான் கார்டில் 'செல்வி ராஜன்'. பான் கார்டில் கடைசிப் பெயராக வெறும் முன்னெழுத்தை ஏற்க மாட்டார்கள், அப்பா பெயரை விரித்துத்தான் எழுத வேண்டும். அதனால் இந்தக் குழப்பம் தமிழ்நாட்டில் பலருக்கு உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரைச் சரிசெய்யுங்கள். ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. ஆகவே இ-சேவை மையத்தில் டைப் அடிப்பவர் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள். இதை இறுதியாண்டுத் தொடக்கத்திலேயே, ஜூலையில் முடிப்பது நல்லது.

மூன்றாவது வங்கிக் கணக்கு. குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை, 9,000 என்றால் 4,500-ஐ, அரசு நேரடியாக உங்கள் கணக்கில் போடுகிறது. நிறுவனத்தின் பங்கு ஒரு நாள் வரும், அரசின் பங்கு தாமதமாக வரும். முதல் இரண்டு மாதம் கைச்செலவுக்குப் பணம் வைத்துக்கொண்டு இறங்குங்கள். சீசனில் மிஞ்சிய சம்பளம் இதற்கு உதவும். பணம் வரவேயில்லை என்று புலம்புகிறவர்களில் பலருக்குப் பணம் வேறு கணக்குக்குப் போயிருக்கும். ஆதாரைப் பல கணக்கில் இணைத்திருக்கலாம், அரசுப் பணம் போவது கடைசியாக எந்த வங்கியில் நேரடிப் பணத்துக்காகச் சேர்த்தீர்களோ அந்த ஒரே கணக்குக்கு. அது பள்ளியில் ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்த கணக்காக இருக்கும். இரண்டு வருடம் நீங்கள் கைவைக்காததால் முடங்கியும் கிடக்கும். கிளைக்குப் போய், "ஆதார் சீடிங் இந்தக் கணக்கில் இருக்கா?" என்றே கேளுங்கள். "லிங்க் ஆயிருக்கு" என்று பதில் வந்தால் போதாது, இரண்டும் வேறு; சீடிங் என்பது அரசுப் பணம் வருகிற கணக்காகச் சேர்ப்பது.

கடைசியாக, கம்பெனியைச் சோதிப்பது. பயிற்சிக்குப் பணம் கட்டு என்றாலோ, ஒரிஜினல் சர்டிபிகேட்டை ஒப்படை என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தருவது வேறு, பீரோவில் வைத்துப் பூட்டுவது வேறு. "நாட்ஸ் அப்ரண்டிஸ்தான்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு, தளத்தில் ஒப்பந்தமே போடாமல் வேலை வாங்குகிறவர்கள் உண்டு. சேர்ந்த முதல் மாதத்துக்குள் உங்கள் லாகினில் ஒப்பந்தம் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் நீங்கள் அப்ரண்டிஸே இல்லை, சாதாரணத் தொழிலாளி. அப்போது எச்ஆர் முன்னால் உட்கார்ந்து கேட்க வேண்டியது பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தத்தை.