புத்தகத்துக்கு விளம்பரம் செய்கிறோம் என்று 18,500 ரூபாய் வாங்கினார்கள்: எழுதுகிறவர்கள் உஷார்

18,500 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நேற்று ராத்திரி அவர்களிடமிருந்து வந்த கடைசிப் பதில், "சின்ன அமௌன்ட்டுக்கு ஏன் சார் இவ்வளவு டென்ஷன்?" பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் நாலு தென்னையையும் ரெண்டு மாட்டையும் வைத்துக்கொண்டு கதை எழுதுகிறவனுக்கு அது சின்ன அமௌன்ட் இல்லை.

பெயரைப் போடவில்லை. புத்தகங்களை ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பிரபலப்படுத்தித் தருகிறோம் என்று இன்பாக்ஸில் வருகிற ஏஜென்சிகளில் ஒன்று. ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சி நெருங்கினால் இவர்கள் வரிசைகட்டுவார்கள்.

பேசின பையன் எடுத்த எடுப்பிலேயே, "ஏனுங்ணா, நல்லாருக்கீங்களா, நமக்கு ஆனைமலைங்க" என்றான். அப்புறம் என் தொகுப்பில் இருக்கும் கள் இறக்குகிறவர் கதையிலிருந்து ஒரு பத்தியை வாசித்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். நடுவில் குரல் வேறு கம்மியது. "இந்தக் கதை தமிழ்நாடு பூராப் போகோணுங்ணா." நம் எழுத்தை நம் ஊர்ப் பேச்சில் ஒருத்தன் வாசித்துக் காட்டினால் யாருக்குத்தான் மனசு இளகாது? அன்றைக்குச் சாயங்காலமே ஜிபேயில் 18,500 அனுப்பிவிட்டேன்.

அவன் வாசித்த பத்தி, நானே என் பக்கத்தில் போட்டிருந்தது. புத்தகத்தை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. வந்த போஸ்டரில் சிறுகதைத் தொகுப்பை "விறுவிறுப்பான நாவல்" என்று போட்டிருந்தார்கள்.

பேசியது, கோவை, பொள்ளாச்சி, திருப்பூர் வாசகர்களுக்கு ஒரு மாத விளம்பரம், கூடவே ரீல்ஸ். ரீல்ஸ் வரவே இல்லை. விளம்பரம் ஓடியது, எங்கே தெரியுமா? என் முகவரியில் கேரளா என்று இருக்கிறதல்லவா, எர்ணாகுளத்துக்கும் கோட்டயத்துக்கும் ஓடவிட்டிருக்கிறார்கள்! கீழே கமென்ட்: "சேட்டா, இது மலையாளத்தில் கிட்டுமோ?" எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் இத்தனை பேர் தமிழ் பேசுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? விளம்பரம் போடும்போது ஊரையும் மொழியையும் தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது, அதையாவது பார்த்திருக்கலாம். போதாக்குறைக்கு என் பக்கத்தில் முகமில்லாத வெளிநாட்டுக் கணக்குகள் திமுதிமுவென்று ஃபாலோயர்களாகச் சேர்ந்தன. அட்டைப்படத்துக்குக் கீழே "நைஸ் பிக் டியர்" என்கிறார்கள்.

கேட்க ஆரம்பித்ததும் அண்ணா போய் சார் ஆனேன். "டீம் பார்த்துட்டிருக்கு சார்." "அல்காரிதம் மாறிடுச்சு சார்." ஒரு நாள், "ஆடி மாசம் சார், யாரும் புக் வாங்க மாட்டாங்க." ஆடியில்தான் கோவை கொடிசியாவில் புத்தகத் திருவிழாக் கூட்டம் அள்ளுகிறது! ஃபேஸ்புக்குக்குக் கட்டிய ரசீதைக் காட்டு என்றேன். ரீச் ஒரு லட்சம் என்று கலர் கலராக ஒரு பிடிஎஃப் வந்தது. ரசீது இன்றுவரை வரவில்லை. விளம்பரம் அவர்கள் பக்கத்திலிருந்து ஓடியதால் எவ்வளவு செலவானது என்று நான் பார்க்க வழியே இல்லை. ஐந்நூறு ரூபாய்க்கு ஓட்டிவிட்டு மீதி 18,000-ஐ அமுக்கியிருந்தாலும் யாருக்குத் தெரியும்? அதற்கும் மேலே கேட்டால், "வேணும்னா சென்னை வந்து கேஸ் போடுங்க சார்." சென்னைக்கு எதற்குப் போக வேண்டும்? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் பாலக்காட்டிலேயே புகார் கொடுக்கலாம்.

புத்தகத்தை எப்படி விளம்பரம் செய்வது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது இருக்கும் ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. விளம்பரத்தை உங்கள் பக்கத்திலிருந்து, உங்கள் கார்டில் ஓட்டுங்கள், ஒவ்வொரு ரூபாயும் கணக்கில் தெரியும். யாருக்கும் பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள், வேலை செய்கிற ஆளை உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் சேர்த்து வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் ஆட் லைப்ரரியில் பக்கத்தின் பெயரைப் போட்டால் இப்போது என்ன விளம்பரம் ஓடுகிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பணம் கட்டும் முன் அந்த ஏஜென்சியின் பக்கத்தைத் தேடுங்கள். மொத்தமாகக் கட்டாதீர்கள். ஏமாந்தது தெரிந்தவுடன் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள். நுகர்வோர் உதவிக்கு 1915. அந்த வாய்ஸ் மெசேஜ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, உங்களுக்கும் ஆனைமலைக்காரன் யாராவது பேசியிருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், குரலை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.