மூன்று முதல் ஆல்பங்கள், காசு ஒன்றுக்குத்தான்: நான் ஏன் ஃபான்டோமாஸை எடுத்தேன்

போன வருஷம் முழுக்க மூன்று ஆல்பங்களைப் போனில் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றும் அமெரிக்கக் குழுக்களுடையவை. மூன்றும் அந்தந்தக் குழுவின் முதல் முழு ஆல்பம். ஃபான்டோமாஸ் 1999இல் வந்தது, டாமஹாக் 2001இல் (இரண்டிலும் குழுவின் பெயரேதான் ஆல்பத்தின் பெயர்), பேட்டில்ஸ் குழுவின் ‘மிரர்ட்’ 2007இல். ஒன்றையாவது சிடியாகக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று ஆசை வந்தது. வெளிநாட்டுச் சரக்கு என்பதால் தபால் செலவும் வரியும் சேர்ந்தால் மூன்றும் கட்டுப்படியாகாது. ஃபான்டோமாஸை வாங்கினேன். ஒன்பது மாதம் ஆகிறது. இதே மூன்றில் எதை எடுக்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு என் அனுபவம் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த மூன்றை ஒரே தட்டில் வைக்கக் காரணம் உண்டு. மூன்றுமே சூப்பர்குரூப், அதாவது வேறு குழுக்களில் ஏற்கெனவே பெயர் எடுத்தவர்கள் ஒன்றுசேர்ந்து தொடங்கியவை. ஆட்களும் ஒருவரோடொருவர் பின்னிக்கிடக்கிறார்கள். மைக் பேட்டன் முதல் இரண்டிலும் பாடகர். டிரம்மர் ஜான் ஸ்டேனியர் கடைசி இரண்டிலும் இருக்கிறார். முதல் இரண்டு ஆல்பங்களும் பேட்டனும் கிரெக் வெர்க்மனும் சேர்ந்து 1999இல் தொடங்கிய இபெகாக் ரெகார்டிங்ஸ் வெளியீடு. வாந்தி எடுக்கவைக்கும் மருந்தின் பெயரைத்தான் கம்பெனிக்கு வைத்தார்கள். அந்தக் கம்பெனியின் முதல் வெளியீடே ஃபான்டோமாஸ்தான்.

டாமஹாக்கை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். த ஜீசஸ் லிஸார்ட் குழுவின் கிட்டார்காரர் டுவேன் டெனிசன், பேட்டன், ஹெல்மெட் குழுவிலிருந்து ஸ்டேனியர், மெல்வின்ஸ் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த கெவின் ருட்மானிஸ். நாஷ்வில்லில் ஒரு கச்சேரியில் டெனிசனும் பேட்டனும் சந்தித்ததில் தொடங்கியது. நல்ல ஆல்பம், மூன்றிலும் இதுதான் கேட்க எளிது. பாட்டுகளுக்குத் தொடக்கம், பல்லவி, முடிவு எல்லாம் இருக்கிறது. டெனிசனின் கிட்டார் மெலிந்து, கூர்மையாக, பழைய துப்பறியும் படத்தின் பின்னணி போல வரும். பேட்டன் முணுமுணுப்பில் ஆரம்பித்துக் கத்தலில் முடிப்பார். ராக் கேட்டுப் பழகிய யாருக்கும் முதல் நாளே பிடித்துவிடும். எனக்கும் பிடித்தது. ஆனால் இரண்டு மாதத்தில் எனக்கு அது தீர்ந்துபோனது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

உண்மையான போட்டி ஃபான்டோமாஸுக்கும் மிரர்டுக்கும்தான்.

ஃபான்டோமாஸ் உருவான விதமே வேறு. ஃபெயித் நோ மோர் என்ற குழு 1998 ஏப்ரலில் கலைந்தது. அதன் பாடகரான பேட்டன் அதே வருஷம் இந்தக் குழுவைச் சேர்த்தார். எல்லாப் பகுதிகளையும் தானே எழுதி, தானே வாசித்து டெமோவாகப் பதிந்து மற்றவர்களுக்கு அனுப்பினார். பேஸ், மிஸ்டர் பங்கிள் குழுவில் தன்னோடு இருந்த டிரெவர் டன். கிட்டார், மெல்வின்ஸின் பஸ் ஆஸ்போர்ன். டிரம்ஸ், ஸ்லேயர் குழுவில் இருந்து 1992இல் விலகியிருந்த டேவ் லொம்பார்டோ. கடைசி இரண்டு பெயர்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மெல்வின்ஸ் என்றால் நகரவே மறுக்கும் கனமான மெதுநடை. நிர்வாணாவின் கர்ட் கோபேன் அவர்களுடைய பெரிய ரசிகர். ஸ்லேயர் நேர் எதிர். 1986இல் அவர்கள் வெளியிட்ட ஆல்பத்தில் பத்துப் பாட்டும் சேர்ந்து அரை மணி நேரம்கூட ஓடாது. அந்த வேகத்துக்குக் கையும் காலும் கொடுத்தவர் லொம்பார்டோ. ராக் உலகின் ஆக மெதுவான கையையும் ஆக வேகமான காலையும் ஒரே அறையில் உட்காரவைத்திருக்கிறார் பேட்டன்.

குழுவின் பெயர், 1911இல் பிரான்ஸில் மார்செல் அலேனும் பியர் சூவெஸ்த்ரும் படைத்த முகமூடிக் குற்றவாளியுடையது. ஆல்பத்தைச் சித்திரக்கதைப் புத்தகமாகவே செய்திருக்கிறார்கள். முப்பது டிராக். எதற்கும் தனித் தலைப்பு கிடையாது: ‘பக்கம் 1’, ‘பக்கம் 2’ என்று முப்பது வரை. பக்கத்தில் எத்தனை கட்டம் என்பதும் பெயரோடு இருக்கும். இசையும் அப்படியேதான் நடக்கிறது. ஒரு கட்டத்தில் இரண்டு காலாலும் மிதித்து அடிக்கும் டபுள் பேஸ் டிரம் உருண்டு வரும், சட்டென்று நிற்கும். அடுத்த கட்டத்தில் வெறும் மூச்சுச் சத்தம். அடுத்ததில் கிட்டார் கரகரவென்று இரண்டு அடி வைத்து ஓயும். அதற்கடுத்து யாரோ தொண்டைக்குள் எதையோ உருட்டுவது போல ஒன்று. மொத்தம் சுமார் 43 நிமிடம். ஒரு பக்கத்துக்குச் சராசரியாக ஒன்றரை நிமிடம்கூட வராது.

வரிகளே இல்லை. பேட்டன் ஒரு வார்த்தைகூடப் பாடுவதில்லை. கிசுகிசுக்கிறார், குரைக்கிறார், பல்லைக் கடிக்கிறார், பெண் குரலில் இழுக்கிறார், நாக்கைச் சொடுக்குகிறார். ‘இதெல்லாம் ஒரு பாட்டா’ என்று கேட்பவர்களிடம் நான் கொன்னக்கோலை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். அர்த்தம் தேவைப்படாத சொற்கட்டு நமக்குப் புதிதல்ல. இரண்டுக்கும் உறவு எதுவும் இல்லை, காது பழகிக்கொள்ள ஒரு பிடி கிடைக்கும், அவ்வளவுதான். வித்தியாசமும் பெரியது. கொன்னக்கோலுக்குக் கீழே தாளம் ஓடிக்கொண்டே இருக்கும், தொடையில் கை தட்டிப் பிடித்துக்கொள்ளலாம். இங்கே தட்டத் தொடங்குவதற்குள் தாளம் மாறிவிடும்.

மிரர்ட் வேறு ஊர், வேறு குணம். நியூயார்க் குழு. டான் கபலேரோ குழுவின் இயான் வில்லியம்ஸ், லிங்ஸ் குழுவின் டேவ் கொனோப்கா, ஜாஸ் மேதை ஆண்டனி பிராக்ஸ்டனின் மகன் டயோண்டே பிராக்ஸ்டன், இவர்களோடு ஸ்டேனியர். ரோட் ஐலண்டில் பாட்டக்கெட் என்ற ஊரில் இருக்கும் மெஷின்ஸ் வித் மேக்னெட்ஸ் ஸ்டுடியோவில் பதிந்து, வார்ப் நிறுவனம் வெளியிட்டது. கிட்டாரில் ஒரு சின்னத் துண்டை வாசித்து, அதை லூப்பாகச் சுழலவிட்டு, அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் வேறொன்று என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். லூப் இம்மி பிசகாது, அதனால் டிரம்மரும் பிசகக் கூடாது. ஸ்டேனியர் அந்த வேலையைச் செய்யும் அழகுக்காகவே வீடியோவைத் தேடிப் பாருங்கள். ஒரே ஒரு கிராஷ் சிம்பலை ஆள் உயரத்துக்கும் மேலே மாட்டியிருப்பார். அதை அடிக்க ஒவ்வொரு தடவையும் கையை முழுசாக மேலே வீச வேண்டும். யோசித்துத்தான் அடிக்க முடியும், போகிறபோக்கில் தட்ட முடியாது. ‘அட்லஸ்’ என்ற ஏழு நிமிடப் பாட்டில் அந்தத் துள்ளல் நடை ஆரம்பித்தால் உட்கார்ந்திருப்பது கஷ்டம். பிராக்ஸ்டனின் குரலை எந்திரத்தில் முறுக்கிக் குழந்தைக்கும் பொம்மைக்கும் நடுவே எங்கேயோ நிறுத்தியிருக்கிறார்கள். வார்த்தைகள் இருக்கின்றன, ஆனால் அவை அங்கே இன்னொரு வாத்தியம்.

ஒலிப்பதிவுத் தெளிவு, நடை, கூட இருப்பவர்களையும் இழுத்துப்போடும் குணம் என்று பார்த்தால் மிரர்ட்தான் முன்னால் நிற்கிறது. ஹாலில் ஸ்பீக்கரில் போடலாம். ஃபான்டோமாஸை வீட்டில் மற்றவர்கள் இருக்கும்போது போடவே முடியாது. ஹெட்போன்தான், அதுவும் தலைவலி இல்லாத நாளில்.

சரி, அப்புறம் ஏன் அதை வாங்கினேன்? தேய்மானம். எனக்கு எல்லாமே இதில்தான் முடிவானது.

காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைக்கும் ஆல்பம், செருப்பைப் போல, எத்தனை நாள் உழைக்கும் என்று பார்த்து வாங்க வேண்டியது. ஐம்பதாவது தடவை போடும்போது அது எனக்கு என்ன தரும் என்பதுதான் என் கேள்வி. முதல் தடவைச் சுகத்துக்குப் போன் போதும்.

டாமஹாக் தேய்ந்தது பல்லவியால். நல்ல பல்லவி சீக்கிரம் மனப்பாடமாகும். மனப்பாடமான பிறகு பாட்டு ஓடும்போது காது அதற்கு முன்னே ஓடி, பல்லவி வரும் இடத்தில் காத்து நிற்கிறது. நடுவில் உள்ளதெல்லாம் வழியில் கடந்துபோகும் கடைகள் மாதிரி ஆகிவிடுகிறது. மிரர்ட் அவ்வளவு சீக்கிரம் தேயவில்லை, ஆனால் வேறு வகையில் தேய்ந்தது. லூப் என்பதே திரும்ப வருவதுதான். ஒரு தடவை ஆல்பத்தைப் போட்டால் அதே கிட்டார்த் துண்டை ஒரே பாட்டுக்குள் அத்தனை முறை கேட்டுவிடுகிறோம். இருபது தடவை கேட்டபோது அந்தத் துண்டுகள் தூக்கத்தில்கூட ஓட ஆரம்பித்தன. அதன்பிறகு ஸ்டேனியரின் டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டேன், அது இன்னும் சில வாரம் தாங்கியது. இப்போது எப்போதாவது ‘அட்லஸ்’ மட்டும் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறேன்.

ஃபான்டோமாஸில் நடந்தது தலைகீழ். முதல் ஐந்து தடவை வெறும் சத்தம், பொய் சொல்ல மாட்டேன். ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு அடையாளங்கள் தெரிந்தன: இங்கே ஒரு கூச்சல், அங்கே ஒரு சின்ன இசைத்துளி. ஆனால் ஒன்றுகூடத் திரும்ப வருவதில்லை. வந்த கட்டம் வந்ததுதான். அதனால் முணுமுணுக்க எதுவும் கிடைக்காது, மனப்பாடம் பண்ணவும் பிடி கிடைக்காது. வரிசை மட்டும் மெல்ல மெல்ல உடம்பில் ஏறுகிறது. அடுத்து என்ன என்று ஊகிக்கிறேன், பாதி தடவை தப்பாகப் போகிறது. லொம்பார்டோ எங்கே நிறுத்துவார் என்று எனக்குத் தெரியும் என்று நினைப்பேன். அரை நொடி முன்னாலேயே நிறுத்தியிருப்பார். அந்த அரை நொடியில் அறையே காலியாகிவிடுவது போல இருக்கும். ஒன்பது மாதத்துக்குப் பிறகும் அந்தக் காலி எனக்குப் புதிதாகத்தான் இருக்கிறது.

இந்தத் தேய்மானம் சிடியா, போனா என்பதையும் பொறுத்தது. போனில் இலவச ஆப் ஒன்றில் கேட்டபோது எட்டாம் பக்கத்துக்கும் ஒன்பதாம் பக்கத்துக்கும் நடுவே சமையல் எண்ணெய் விளம்பரம் நுழைந்தது. ஒரு தடவை வரிசையைக் கலைத்துப்போடும் ஷஃபிள் தெரியாமல் ஆனாகி, பதினேழுக்குப் பிறகு நான்காம் பக்கம் ஓடியது. மிரர்டில் இப்படி ஆனால் ஒரு பாட்டு கெடும், மற்றது பிழைக்கும். ஃபான்டோமாஸ் வரிசையால் மட்டுமே நிற்கிற ஆல்பம், கலைந்தால் ஒன்றும் மிஞ்சாது. சிடியில் ஒரு பக்கம் முடிந்த கையோடு அடுத்தது புரள்கிறது. மூன்றில் எதற்குச் சிடி தேவை என்று கேட்டால் இதற்குத்தான். எல்பியில் நான் கேட்டதில்லை. தட்டைத் திருப்பிப் போட எழுந்து போக வேண்டியிருப்பது எனக்கு ஒத்துவராது என்றுதான் தோன்றுகிறது.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. ஃபான்டோமாஸ் உண்மையில் ஒரு குழுவா? எல்லாவற்றையும் எழுதியவர் ஒருவர், மற்ற மூவரும் அவர் சொன்னதை வாசித்தவர்கள். பேட்டில்ஸில் நான்கு பேரும் சேர்ந்து கட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டுமானம் எவ்வளவு உறுதி என்றால், 2010இல் பிராக்ஸ்டன் விலகிய பிறகும் மற்ற மூவரும் 2011இல் அடுத்த ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். ஃபான்டோமாஸில் பேட்டன் இல்லையென்றால் எதுவும் இல்லை. ஆனால் ஒருவர் எழுதியதால் கிடைத்த லாபத்தையும் பார்க்க வேண்டும். பெரிய பெயர்கள் சேரும்போது ஒவ்வொருவரும் பழைய வீட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு வருவது வழக்கம். டாமஹாக்கில் அது கேட்கிறது, அந்தக் கிட்டார் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரிகிறது. இங்கே ஆஸ்போர்னுக்கு மெதுநடை போட இடமே இல்லை. லொம்பார்டோவுக்கும் நான்கு நிமிடம் விடாமல் ஓட வாய்ப்பில்லை. இரண்டு நொடி ஓட்டம், நிறுத்தம், உடனே சிம்பல் விளிம்பில் லேசான உரசல். வேகத்துக்குப் பேர்போனவர் காத்திருப்பதில் எவ்வளவு தேர்ந்தவர் என்பதை எனக்குக் காட்டிய ஆல்பம் இது.

நான் டிரம்ஸ் வாசிப்பவன் அல்ல, இதையெல்லாம் வாசிக்க எவ்வளவு கடினம் என்று அளந்து சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இந்த மூன்று குழுக்களில் ஒன்றையும் நேரில் பார்த்ததும் இல்லை. மேடையில் பேட்டில்ஸ் ஒருபடி மேலே போகலாம், வீடியோக்களைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. ஒன்பது மாத அனுபவத்தை வைத்து ஒன்பது வருஷத்துக்கு உத்தரவாதமும் கொடுக்க முடியாது.

பயணத்தில் கேட்க, நண்பர்களோடு கேட்க, அல்லது ராக்கில் பரிசோதனைப் பக்கமே இப்போதுதான் எட்டிப்பார்க்கிறீர்கள் என்றால் தயங்காமல் மிரர்டை எடுங்கள். தனியாக, ராத்திரி, ஹெட்போனில் கேட்பவர் என்றால் ஃபான்டோமாஸ். வாங்கும் முன் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். விளம்பரம் குறுக்கிடாத இடத்தில் ஒன்றாம் பக்கத்திலிருந்து பன்னிரண்டு வரை நிறுத்தாமல் கேளுங்கள். அடுத்த டிராக் பதின்மூன்று. அந்த எண் ஆகாது என்று அதில் எதையும் வாசிக்காமல் விட்டிருக்கிறார்கள், சில நொடி வெறும் அமைதி. நான் முதல் தடவை அங்கே வந்தபோது போன் நின்றுவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினான்காம் பக்கம் ஆரம்பித்துவிட்டது.