துண்டறிக்கையா, கூகுள் மேப் பதிவா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் புதிதாக கிளினிக்கோ வக்கீல் அலுவலகமோ திறப்பவர்கள் தடுமாறும் இடம் இது.

செலவு: துண்டறிக்கைக்கு அச்சுக்கூலி, நாளிதழில் செருகும் கூலி. மேப் பதிவு இலவசம்.

ஆயுள்: தாள் மறுநாளே வடை மடிக்கப் போய்விடும். பதிவு நிற்கும், நேரமும் விடுமுறையும் மாறும்போதெல்லாம் திருத்த வேண்டும்.

சென்றடைதல்: நெல்லிக்குப்பம் பக்கத்துப் பெரியவர்கள் பலர் போனில் தேடுவதில்லை, தாளுக்கே வாய்ப்பு.

ஆனால் முடிவு செய்வது விதிமுறைதான். வக்கீல்களின் தொழில் ஒழுக்கத்தை வகுக்கும் இந்திய பார் கவுன்சிலின் விதி 36, அவர்கள் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. 2008 திருத்தம் இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், தகுதி, வழக்குத் துறை போன்றவற்றை மட்டும் அனுமதித்தது. ஆகவே வக்கீலுக்குத் துண்டறிக்கை என்ற பேச்சே வேண்டாம். மேப்பிலும் அதே அளவோடு நிற்பது நல்லது.

மருத்துவர்களுக்கு இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறைகள் சற்றே இடம் தருகின்றன: தொழில் தொடக்கம், முகவரி மாற்றம் ஆகியவற்றைப் பத்திரிகையில் அறிவிக்கலாம். ‘கைராசி’ புராணம் கூடாது. பெயர்ப்பலகைகூட மிகப் பெரிதாக இருக்கக்கூடாது!

மேப்பில் ஒரு வில்லங்கம்: குறைகூறி எழுதியவருக்குப் பதில் சொல்லும் வேகத்தில் நோயாளியின் நோயை வெளியிட்டுவிடாதீர்கள்.

கிளினிக்கிற்கு மேப், இடம் மாறினால் பத்திரிகை அறிவிப்பு. வக்கீலுக்கு அடக்கமான இணையப் பக்கம்.